ஒரு படம் அனுப்பிய வரலாறு

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என்று மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, தமிழாசிரியராகிய எம்மிடம் அவர்கள் எதிர்பார்த்தது இலக்கியத்தையோ சமயத்தையோ தழுவிய ஒரு கட்டுரையே என்பதை நாம் நன்கு அறிவோம். அத்தகைய கட்டுரைகளை எம்மினும் வல்லார் பலர் இம்மலரில் எழுதியிருப்பர். நாம் எழுதப் புகுந்தது வேறொரு பொருள். கணினி வழியாக ஒரு படத்தையும், படம் போன்ற பிற கோப்புக்களையும், கேட்டவர்க்குப் பழுதின்றித் திருப்பி அனுப்புவது எங்ஙனம் என்பதே அது. தமிழாசிரியர்க்கு இது புறம்பான பொருளன்றோ எனச் சிலர் வினவக்கூடும். இதனை எழுதுவதற்கு எமக்கு இரண்டு காரணங்கள் உள. எமது அறியாமையால் கல்லூரியின் பழம்பொருள் ஒன்றிற்கு நட்டம் நேர்ந்தது. அதனை மறையாது பழைய மாணவர்முன் வைத்தல் எமது கடன் என்பது ஒன்று. அந்நட்டத்தில் எஞ்சி நிற்பதை ஈடு செய்ய அவர்களால் மட்டுமே இயலும் என்பது மற்றொன்று.

நமது கல்லூரி மலர்களின் முழுத் தொகுதி இன்று ஓரிடத்தும் இல்லை. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாம மக்கள் இடம்பெயர்ந்தபோது, கல்லூரியிலும் வீடுகளிலும் இருந்த நூல்கள் சிதறின. அவ்வாறு சிதறியவற்றுள் எஞ்சியனவற்றைத் தேடிக் கணினியில் ஏற்றிக் காக்கும் பணிக்கு, 2005ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'நூலகம்' என்னும் இணைய நூலகம் எமக்கெல்லாம் வழிகாட்டியாயிற்று. அவ்வழியைப் பின்பற்றி, எஞ்சியுள்ள மலர்களை வருடியினாற் படமாக்கி, உலகின் எப்பாகத்தில் வாழும் பழைய மாணவரும் வேண்டிய பக்கத்தைக் கேட்டுப் பெறுமாறு செய்தல் வேண்டும் என்று பழைய மாணவர் சங்கம் 2022ஆம் ஆண்டில் தீர்மானித்தது. பொறியியலாளராகிய பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் ஊருக்கு வந்து, வழங்கிக் கணினியை ஒழுங்கு செய்து, தம்மிடமிருந்த சில மலர்களையும் அதில் ஏற்றிவிட்டுச் சென்றார். எஞ்சிய வேலையை இங்குள்ளார் யாரேனும் பார்த்துக்கொள்க என்பது அவர் ஏற்பாடு. இங்குள்ளார் எவரும் முன்வாராமையால் நாம் முன்வந்தோம்.

ஆசிரிய கலாசாலையில் நாம் பயின்றவை தமிழும் கற்பித்தல் முறையுமேயாம். கணினி நிரல் எழுதுதல் அங்கு எமக்குப் பாடமாயிருந்ததில்லை. நாற்பது வயதைக் கடந்தபின், மாலை வகுப்பொன்றில் எம் மாணவரின் தம்பிமாரோடு ஒரே வாங்கில் இருந்து ஜாவா என்னும் நிரல் மொழியைக் கற்றோம். அப்பெயரைக் கேட்டவுடன் மணிமேகலையில் வரும் சாவக நாடே எமக்கு நினைவில் எழுந்தது. அந்நினைவு முற்றும் தொடர்பற்றதன்று. 1995ஆம் ஆண்டு சன் மைக்ரோசிஸ்ரம்ஸ் நிறுவனத்தார் வெளியிட்ட அம்மொழிக்கு, அத்தீவின் பெயரால் வழங்கும் கோப்பியின் பெயரே இடப்பட்டது. ஜாவாவிலே இணையச் சேவைகளை எழுதுதற்கென 'ஜக்ஸ்-ஆர்.எஸ்.' என்னும் விதித்தொகுதி ஒன்று 2008ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. பின்னர் அது கைமாறி, 2020ஆம் ஆண்டு வெளியான பதிப்பில் அத்தீவிலுள்ள ஜக்கார்த்தா நகரின் பெயரையும் தாங்கியது. பழைய நூல்களிற் கண்ட நிரல்கள் புதிய பதிப்பில் ஓடாதிருந்ததன் காரணம் இப்பெயர் மாற்றமே என்பதை அறிவதற்கு எமக்கு இரண்டு வாரங்கள் சென்றன.

இணையச் சேவை என்பது கடிதத்தில் வினாவுவார்க்குக் கடிதத்திலே விடையளிக்கும் ஓர் அலுவலகத்தைப் போன்றது. இன்ன மலரில் இன்ன பக்கம் வேண்டும் என்று வெளியிலிருந்து ஒரு வேண்டுகோள் வரும். அதற்கென எழுதப்பட்ட நிரற்பகுதி அதனை வாங்கி, வேண்டிய பொருளைத் தேடியெடுத்து, ஓர் உறையில் இட்டுத் திருப்பி அனுப்பும். உறையின் மேல், உள்ளே இருப்பது எவ்வகைப் பொருள் என்பதை எழுதுதல் வேண்டும். இவ்வெழுத்திற்குக் 'கொன்ரென்ற்-ரைப்' என்று பெயர். ஜக்ஸ்-ஆர்.எஸ். முறையில், நிரற்பகுதியின் தலையிலே 'புரொடியூசஸ்' என்னும் குறிப்பை இட்டு அவ்வகையை எழுதிவிட்டால், உறையின் மேல் அது தானே பொறிக்கப்படும்.

நாம் முதலில் எழுதிய சேவை, மலர்களின் உள்ளடக்கப் பட்டியலை அனுப்புவது. கட்டுரைத் தலைப்பு, எழுதியவர் பெயர், பக்க எண் ஆகியவை அதில் இருந்தன. இவை யாவும் எழுத்துக்களே. அச்சேவை முதல் நாளிலேயே செவ்வனே இயங்கியது. வெளிநாட்டிலிருந்து பாராட்டுக் கடிதங்களும் வந்தன. அதனால் எமக்கு ஒரு செருக்கும் உண்டாயிற்று. பட்டியலை அனுப்பிய வழியாலேயே படத்தையும் அனுப்பலாம் என எண்ணி, சிறிதும் ஐயுறாது, அந்நிரலையே படி எடுத்துப் படங்களுக்கும் பயன்படுத்தினோம். நேர்ந்த பிழை முழுவதற்கும் அதுவே வித்து.

2023ஆம் ஆண்டில் ரொறன்ரோ நகரில் வாழும் பழைய மாணவர் ஒருவரிடமிருந்து எமக்குக் கடிதம் ஒன்று வந்தது. எம்மினும் வயதில் மூத்தவராயினும், "மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு" என்றே தொடங்கியிருந்தார். 1979ஆம் ஆண்டு மலரில் உதைபந்தாட்டக் குழுவின் படம் ஒன்று வெளிவந்தது என்றும், அதில் தம் தமையனார் நிற்கின்றார் என்றும், 1990ஆம் ஆண்டில் வீட்டை விட்டுப் புறப்பட்ட அவர் பின்னர் திரும்பவேயில்லை என்றும் எழுதியிருந்தார். வீட்டிலிருந்த படங்கள் யாவும் இடப்பெயர்வோடு போயின. "அம்மாவுக்கு எண்பத்தெட்டு வயது. அண்ணரின் முகம் உள்ள ஒரு படமும் எங்களிடம் இல்லை. கண் பார்வை இருக்கும்போதே அவவுக்குக் காட்ட விரும்புகிறேன்" என்பது அக்கடிதத்தின் முடிவு.

அம்மலர் எம்மிடம் இருந்தது. அதாவது, இருந்தது என்று நாம் நம்பினோம். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தம் வீட்டுப் பெட்டகத்தில் வெள்ளைத் துணியாற் சுற்றிப் பாதுகாத்து வைத்திருந்த மூன்று மலர்களை எமக்கு இரவலாகத் தந்திருந்தார். அவற்றை வருடிப் படங்களாக்கி, எமது நிரலின் வழியே வழங்கியில் ஏற்றிவிட்டு, மூலப் பிரதிகளை அவரிடம் மீட்டும் ஒப்படைத்திருந்தோம். ஆகவே அந்தப் பழைய மாணவருக்கு உரிய முகவரியை எழுதி, அதனைத் திறந்தால் படம் தோன்றும் என்று அறிவித்தோம். மறுநாள் அவர் எழுதினார்: படம் தோன்றவில்லை, திரை முழுவதும் கேள்விக்குறி பொறித்த சாய்சதுரங்களும் பொருளற்ற எழுத்துக்களும் நிறைந்திருந்தன என்று.

உறையின் மேல் 'எழுத்து' என்று பொறித்திருந்ததே குற்றம் என்று நாம் துணிந்தோம். அப்பொறிப்பை நீக்கி, 'இமேஜ்/பி.என்.ஜி.' என்று மாற்றினோம். இப்போது பொருளற்ற எழுத்துக்கள் மறைந்தன. ஆனால் அவை நின்ற இடத்தில் உடைந்த படத்தைக் குறிக்கும் ஒரு சிறு அடையாளமே தோன்றியது. பெயர்ப்பலகையைத் திருத்தினோம், பண்டம் கெட்டிருந்தது.

உயர்தர வகுப்பில் தொழினுட்பப் பிரிவிற் பயிலும் மாணவன் ஒருவனை அழைத்து நிரலைக் காட்டினோம். யாப்பிலக்கணத்தில் அவனைப் பலமுறை கடிந்தவர் நாம். அவன் நிரலை இருமுறை மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "சேர், நீங்கள் படத்தை வாசிக்கப் பார்க்கிறியள். படத்தை வாசிக்கக் கூடாது, கொண்டுபோய்க் குடுக்கத்தான் வேணும்."

அவன் கூற்றின் பொருளை நாம் பின்னரே முழுதும் உணர்ந்தோம். கணினியில் எக்கோப்பும் எண்களின் வரிசையே. 0 முதல் 255 வரையிலான அவ்வெண் ஒவ்வொன்றும் ஒரு பைற்று எனப்படும். எழுத்துக் கோப்பாயின், அவ்வெண்களை 'யூ.ரி.எவ்.-8' போன்ற ஒரு முறைப்படி எழுத்துக்களாகப் பெயர்த்தல் பொருந்தும். தமிழெழுத்துக் குறி ஒவ்வொன்றிற்கும் அம்முறையில் மூன்று பைற்றுக்கள் வேண்டும். படக் கோப்பிலுள்ள எண்களோ எழுத்தைக் குறிப்பனவல்ல. நிறத்தையும் ஒளியையும் செறித்து வைத்தவை. நாம் எழுதிய நிரல், கோப்பிலிருந்து எடுத்த பைற்றுக்களை 'ஸ்ரிங்' எனப்படும் எழுத்துத் தொடராக மாற்றிய பின்னரே அனுப்பியது. அம்மாற்றத்தின்போது, எழுத்து முறைக்கு அடங்காத பைற்றுக்களைக் கண்ட இடமெல்லாம் நிரல் ஒரு மாற்றுக் குறியை இட்டுவிடும். வெவ்வேறு எண்கள் பல ஒரே குறியாகிவிட்டால், எவ்விடத்தில் எவ்வெண் இருந்தது என்பதை எவராலும் மீட்டறிய இயலாது. அச்சுக்கோப்பவர் ஒருவர் லகர, ளகர, ழகரங்கள் மூன்றையும் ஒரே புள்ளியாக மாற்றி ஒரு நூல் முழுவதையும் அச்சிட்டுவிட்டு, கையெழுத்துப் பிரதியையும் எரித்துவிட்டார் எனக் கொள்க. அந்நூலில் வாலும் வாளும் வாழும் ஒன்றாகிவிடும். எமது நிரல் செய்தது அதுவே.

பி.என்.ஜி. என்னும் பட வகையை வகுத்தோர் இத்தகைய பிழைகளை முன்னரே எண்ணிப் பார்த்திருந்தனர் என்பதைப் பின்னர் கற்று வியந்தோம். 1996ஆம் ஆண்டில் நிலைநாட்டப்பட்ட அவ்வகையில், ஒவ்வொரு கோப்பும் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்னும் எட்டு எண்களோடு தொடங்கும். இடையிலுள்ள 80, 78, 71 என்பவை அவ்வகையின் பெயரெழுத்துக்கள் மூன்று. முதலில் நிற்கும் 137 எழுத்துக் கோப்பென மயங்காதிருத்தற்கும், வழியில் எவரேனும் பைற்றின் தலையை வெட்டினால் வெளிப்படுத்தற்கும் உரியது. 13உம் 10உம், வரி முடிவுக் குறிகளை எவரேனும் மாற்றினால் காட்டிக் கொடுப்பவை. எம்மிடமிருந்து சென்ற கோப்பின் தலையிலோ, 137 இருக்கவேண்டிய இடத்தில் 239, 191, 189 என்னும் மூன்று எண்கள் நின்றன. அவை மூன்றும் சேர்ந்ததே அம்மாற்றுக் குறி. ஒன்றின் இடத்தை மூன்று பிடித்தமையாற் கோப்பும் மூலத்தினும் பருத்திருந்தது. கோப்பு பெரிதாக இருப்பதைக் கண்டு, குறைவின்றி ஏறியுள்ளது என்று முன்னர் நாம் மனநிறைவு கொண்டிருந்தோம்.

திருத்தம் மிக எளிது. எழுத்துத் தொடரைத் திருப்பி அனுப்புமாறு எழுதியிருந்த நிரற்பகுதியை, பைற்று வரிசையைத் திருப்பி அனுப்புமாறு மாற்றவேண்டும். அல்லது, கோப்பையே 'பைல்' என்னும் பொருளாகக் கையளித்துவிடலாம், ஜக்ஸ்-ஆர்.எஸ். அதனை உள்ளவாறே அனுப்பிவிடும். மாணவன் கல்லூரி வாயிலைத் தன் தொலைபேசியிற் படம் பிடித்து, அதனை நேரே வழங்கியில் வைத்து, சேவையின் வழியே கேட்டான். வாயில் திரையிலே தெளிவாகத் தோன்றியது. அம்மகிழ்ச்சியோடு உதைபந்தாட்டக் குழுவின் படத்தைக் கேட்டோம். மீண்டும் உடைந்த அடையாளமே தோன்றியது.

மாணவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பின், வழங்கியிலே சேமித்துவைத்த கோப்பையே திறந்து, அதன் தலையிலுள்ள எண்களைக் காட்டினான். அங்கும் 239, 191, 189. படத்தை அனுப்பும்போது மட்டுமன்றி, ஏற்றும்போதும் நாம் அதே எழுத்துத் தொடர் வழியையே கையாண்டிருந்தோம். ஆகவே சேமிப்பில் இருந்ததும் கெட்ட பிரதியே. வருடிய கணினியில் இடம் போதாமையால், ஏற்றியவுடன் அங்கிருந்த கோப்புக்களை நாமே அழித்துவிட்டோம். பொறியியலாளர் ஏற்றிய மலர்கள் பழுதின்றி இருந்தன. நாம் ஏற்றிய மூன்றும் முற்றாக அழிந்திருந்தன. அன்று மாலை அம்மாணவனின் முகத்தை நேரே நோக்க எமக்கு இயலவில்லை.

மறுநாள் அம்முதிய ஆசிரியரின் வீட்டிற்குச் சென்றோம். வழியெல்லாம் சொல்லவேண்டியதை ஒத்திகை பார்த்துச் சென்றும், அவர் முன்னிலையில் எமக்குச் சொல் எழவில்லை. ஒருவாறு நடந்ததைக் கூறி, மலர்களை மீண்டும் ஒருமுறை தரவேண்டும் என்று கேட்டோம். அவர் சினந்திருப்பாராயின் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் உள்ளே சென்று துணிப்பொதியை எடுத்துவந்து மேசையில் வைத்து, "தம்பி, முதல் விரித்தபோதே முதுகு விட்டுப் போயிற்று. இன்னும் ஒருமுறை தாங்கும் என்று நினைக்கிறேன். மெல்லமாக விரியுங்கோ" என்றார். 1995ஆம் ஆண்டில் உடுபுடவைகளை விட்டுவிட்டு இப்பொதியைத் துவிச்சக்கர வண்டியிற் கட்டிச் சென்றவர் அவர்.

அவர் வீட்டு மேசையிலேயே வைத்து, மாணவன் உதவியோடு பக்கம் பக்கமாக வருடினோம். இரண்டு மலர்கள் தாங்கின. 1979ஆம் ஆண்டு மலரில், உதைபந்தாட்டக் குழுவின் படம் இருந்த தாளை விரித்தபோது, அதன் கீழ்ப்பகுதி மடிப்போடு முறிந்தது. பழுப்பேறிய அத்தாள் துகளாகி மேசையில் உதிர்ந்தது. நல்வினையாகப் படத்திற்கு ஊறு நேரவில்லை. முறிந்த துண்டில் இருந்தவை படத்தின் கீழே அச்சிட்டிருந்த பெயர்கள். அமர்ந்திருப்போர் பெயர்கள் எஞ்சின. நிற்போர் வரிசையில் வலப்புறத்து ஐவரின் பெயர்கள் போயின. முதன்முறை வருடியபோது அவை முழுமையாக இருந்தன. அவற்றை நாம் கண்ணால் வாசித்தும் இருந்தோம், நினைவில் நிறுத்தவில்லை.

இம்முறை ஏற்றிய கோப்பின் முதல் எட்டு எண்களையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அடுத்த பக்கத்திற்குச் சென்றோம். படத்தின் முகவரியை ரொறன்ரோவிற்கு அனுப்பினோம். மூன்று நாட்களின் பின் விடை வந்தது. தாயார் படத்தை நெடுநேரம் பார்த்தாராம். மகனைப் பற்றி முதலில் ஒன்றும் கூறவில்லையாம். பின்னர், அவனுக்கு அருகில் நிற்கும் பிள்ளைகளைச் சுட்டி, "இவன் தபாற்கந்தோருக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை, இவனுக்கு மோர் என்றால் உயிர்" என்று தொடங்கினாராம். பந்தடித்துவிட்டு வந்து, கிணற்றடியிற் கால் கழுவி, அவர் கையால் மோர் வாங்கிக் குடித்தவர்கள் அவர்கள். முறிந்துபோன ஐந்து பெயர்களுள், தம் மகன் பெயரோடு மேலும் இருவர் பெயர்களை அவர் சொன்னார். எஞ்சிய இருவரும் அவர் வீட்டிற்கு வந்தவர்களல்லர்.

அதன்பின் சேவையை முழுவதும் திருத்தி எழுதினோம். அவ்வேலையிற் கற்ற சிலவற்றை, இவ்வழியில் இறங்கும் மாணவர்க்குப் பயன்படுமென ஈண்டு குறிக்கின்றோம்.

முதலாவது, உறையின் மேல் எழுதும் வகைப்பெயர் மெய்யாக இருத்தல் வேண்டும். இப்பெயரிடும் முறை மின்னஞ்சலுக்கென வகுக்கப்பட்டுப் பின்னர் இணையத்திற்கு வந்தது. அதனை வகுத்தோருள் ஒருவராகிய நதானியேல் போரன்ஸ்ரைன், 1992ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், தாம் பாடும் நால்வர் குழுவின் படத்தையும் பாட்டையும் மின்னஞ்சலோடு இணைத்து அனுப்பிக் காட்டினார். பி.என்.ஜி. படத்திற்கு 'இமேஜ்/பி.என்.ஜி.' என்பது பெயர். கோப்பின் வாற்பெயர் 'ஜே.பி.ஜி.' என்றிருப்பினும், அதன் வகைப்பெயர் 'இமேஜ்/ஜே.பி.ஈ.ஜி.' என்பதே. முழு மலரை ஒரே கோப்பாகத் தரும் பி.டி.எவ். வகைக்கு 'அப்ளிக்கேஷன்/பி.டி.எவ்.' என்றும், கல்லூரிக் கீதத்தின் ஒலிப்பதிவுக்கு 'ஓடியோ/எம்.பெக்' என்றும் எழுதுதல் வேண்டும். இன்னதென்று கூறாது பைற்றுக் குவியல் என்று மட்டும் உரைக்கும் 'அப்ளிக்கேஷன்/ஒக்ரெற்-ஸ்ரீம்' என்ற பொதுப்பெயரும் உண்டு. அதனை இட்டால், உலாவி கோப்பைத் திரையிற் காட்டாது கணினியில் இறக்கிவைக்கும். எல்லாவற்றிற்கும் பொதுப்பெயரையே இடுதல் சோம்பலின் பாற்படும்.

இரண்டாவது, திரையிற் காட்டுக என்றோ இறக்கிச் சேமிக்க என்றோ பெறுவோர்க்கு உரைக்க வேண்டின், 'கொன்ரென்ற்-டிஸ்பொசிஷன்' என்னும் மற்றொரு தலைக்குறிப்பு உண்டு. அதிலே கோப்பின் பெயரையும் தரலாம். தமிழ்ப் பெயர் தரும்போது கவனம் வேண்டும். அத்தலைக்குறிப்பிலே தமிழெழுத்தை அவ்வாறே எழுதினால் வழியிற் சிதையும். ஒவ்வொரு பைற்றையும் விழுக்காட்டுக் குறியும் இரண்டு இலக்கமுமாக மாற்றி எழுதல் வேண்டும். 'மலர்' என்னும் சொல், கணினிக் கணக்கில் நான்கு குறிகள், பன்னிரண்டு பைற்றுக்கள், அம்முறையில் எழுதும்போது முப்பத்தாறு எழுத்துக்கள். பெறுவோரின் கணினியில் அது மீண்டும் 'மலர்' என்றே தோன்றும்.

மூன்றாவது, பெருங் கோப்புக்களை முழுவதும் நினைவகத்தில் ஏற்றி அனுப்புதல் கூடாது. ஏ-4 அளவுத் தாள் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் நிறத்தோடு வருடினால், செறிப்பதற்கு முன் ஏறத்தாழ 26 மில்லியன் பைற்றுக்கள் ஆகும். நூறு பக்க மலர் ஒன்றை ஒருங்கே ஏந்த முயன்று எமது வழங்கி ஒருமுறை மயங்கி வீழ்ந்தது. நம் ஊர்த் தோட்டக்காரர் கிணற்று நீர் முழுவதையும் ஒரு தொட்டியில் நிரப்பிய பின்னா பயிருக்குப் பாய்ச்சினர்? துலாவிற் கட்டிய பட்டையால் இறைக்க இறைக்க, நீர் வாய்க்கால் வழியே சென்றுகொண்டிருந்தது. அதுபோலச் சில ஆயிரம் பைற்றுக்களாக எடுத்து எடுத்து அனுப்பும் 'ஸ்ரீமிங் அவுட்புற்' என்னும் முறை ஜக்ஸ்-ஆர்.எஸ்.இல் உண்டு. அதனைக் கைக்கொண்டபின் வழங்கி வீழ்வதில்லை.

நான்காவது, படத்தை எழுத்தோடு சேர்த்தே அனுப்பவேண்டிய தேவை நேருமாயின், அதற்குரிய முறை 'பேஸ்-64' என்பது. மூன்று பைற்றுக்களை நான்கு எழுத்துக்களாக மாற்றும் இம்முறையில் எதுவும் இழக்கப்படுவதில்லை. அந்நான்கிலிருந்து அம்மூன்றையும் அவ்வாறே மீட்கலாம். ஆயின் 9 மெகாபைற்றுப் படம் 12 மெகாபைற்று ஆகும். வேறு வழியில்லாதபோது மட்டுமே அதனைக் கையாளுகின்றோம்.

ஐந்தாவது, நிரலைச் சார்ந்ததன்று, எம்மைச் சார்ந்தது. ஏற்றிய கோப்பை மீண்டும் வாங்கி, மூலத்தோடு பைற்றுக்குப் பைற்று ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே எனக் கண்ட பின்னரும் மூலத்தை அழிப்பதில்லை. மாணவரின் விடைத்தாளைத் திருத்தும்போது ஒற்றுப்பிழையையும் விடாதவர் நாம். எமது வேலையை ஒருமுறை திறந்து பார்க்கவும் நினைத்தோமில்லை. அம்முதிய ஆசிரியரின் மேசையில் உதிர்ந்த துகள்களைக் கையால் ஒன்றுசேர்த்தபோது இவ்வெண்ணமே எம்மை வருத்தியது. அத்துகள்களை அவர் ஒரு கடித உறையில் இட்டு, அம்மலரின் உள்ளேயே வைத்துக்கொண்டார்.

படத்தின் கீழே பெயர்களை மீண்டும் பொறித்துவிடலாமே என்று சிலர் எமக்குக் கூறினர். அதனை நாம் செய்யவில்லை. படம் கிடைத்தவாறே இருத்தல் வேண்டும். தாயார் கூறிய பெயர்களை வேறோர் எழுத்துக் கோப்பில் எழுதி, யார் கூறியவை, எப்போது கூறியவை என்பதையும் குறித்து, படத்தைக் கேட்போர்க்கு அதனையும் உடன் அனுப்புமாறு சேவையை ஒழுங்கு செய்துள்ளோம். அக்கோப்பில் இரண்டு வரிகள் இன்னும் வெறுமையாக உள்ளன.

ஆகவே 1979ஆம் ஆண்டிலும் அதனை அடுத்த ஆண்டுகளிலும் நமது கல்லூரியிற் பயின்ற பெரியோர்களை ஒன்று வேண்டுகின்றோம். அவ்வாண்டு உதைபந்தாட்டக் குழுவின் படத்தில், நிற்போர் வரிசையின் வலப்புற முடிவில் நிற்கும் இருவர் யாவர்? ஒருவர் உயரமானவர், கைகளை மார்பிலே கட்டியிருக்கின்றார். மற்றவர் தலையைச் சற்றே சாய்த்து, படம் பிடிப்பவரை நோக்காது மைதானத்தை நோக்குகின்றார். உங்களிடம் அம்மலரின் வேறு பிரதி இருப்பின் மிகவும் நன்று. இல்லையெனினும் உங்கள் நினைவே போதும். தெரிந்தோர் கல்லூரி முகவரிக்கு ஒரு வரி எழுதுவாராக. அவ்விருவருள் ஒருவரே இதனை வாசிப்பாராயின், அவர் தாமே எழுதினும் மகிழ்வோம்.